கொம்பின் மேல் சத்தியம்

லண்டன்காரர்களில் ஒரு சாராருக்கு விசித்திரமான பழக்கம் ஒன்று உண்டு. ஊரின் ஜனத்தொகை கிட்டத்தட்ட 90 லட்சம். ஆனாலும் ஹைகேட் பக்கம் இருப்பவர்கள் ரொட்டி வாங்கக் கிளம்பினால்கூட, "வில்லேஜுக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள்.

கிராமம் என்றால் உங்களுக்கும் எனக்கும் ஓர் ஆலமரம், ஒரு டீக்கடை, பெஞ்சில் மூன்று பெரிசுகள். இங்கே அதெல்லாம் கிடையாது. ஆடு இல்லை, மாடு இல்லை, வரப்புத் தகராறு இல்லை. ஒரு வீட்டின் விலையைக் கேட்டு நம்ம ரூபாய்க்கு மாற்றினால் எத்தனை சைபர் என்று விரல் விட்டு எண்ண வேண்டும். இருந்தாலும் வில்லேஜ்தான். மறுத்துப் பேசிவிட முடியாது.

சேரிங் கிராஸிலிருந்து வடக்கே சுமார் 7 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 130 மீட்டர் உயரம். நான் திருச்சிக்காரன். காலையில் கண் விழித்தால் மலைக்கோட்டை முகத்தில் விழித்து வளர்ந்தவன். 'இதுவா மலை?' என்று முதலில் சிரித்தேன். ஜனவரி மாதக் குளிரில், கைக்கு ஒரு பை அரிசியுடன் ஒருமுறை ஏறியதும் மலைதான் என்று முழு மனதோடு ஒப்புக்கொண்டேன்.

கம்பெனி என்னை இங்கே அனுப்பி ஏழு வருஷம் ஆகிறது. மனைவி, ஒரு பெண், ஆர்ச்வே ரோட்டில் ஒரு கடைக்கு மேலே வாடகை வீடு. அதாவது நாங்கள் இருப்பது மலைக்குக் கீழே, கிராமம் மேலே. 210-ம் நம்பர் பஸ் இரண்டுக்கும் பாலம்.

இந்த ஏற்றம் பல பேரைப் படுத்தியிருக்கிறது. அடிவாரத்தில் ஒரு கல் இருக்கிறது. அதன் மேல் ஒரு கறுப்புப் பூனை சிலை. டிக் விட்டிங்டன் என்கிற பையன் லண்டன் பிழைப்பு வேண்டாம் என்று ஓடிவந்து, இந்த இடத்தில் உட்கார்ந்தானாம். தூரத்து மாதா கோயில் மணி, 'திரும்பிப் போ, மேயர் ஆவாய்' என்று அடித்ததாம். போனான், ஆனான். நிஜ விட்டிங்டன் அப்படியொன்றும் அனாதை இல்லை, வசதியான வீட்டுப் பிள்ளை. மேயரானது மட்டும் நிஜம், இறந்தது 1423-ல். இப்போதுள்ள கல் 1821-ல் வைத்தது. பூனை 1964-ல் ஏறி உட்கார்ந்தது. மனுஷன் மேயராகி, செத்து, ஐந்நூறு வருஷம் கழித்துப் பூனைக்கு சிலை!

ஏற்றத்தைத் தவிர்க்க 1810 வாக்கில் மலையைக் குடைந்து சுரங்கப் பாதை போடப் பார்த்தார்கள். 1812 ஏப்ரலில் ஒரு விடிகாலை அது மொத்தமாகச் சரிந்து விழுந்தது. வேலையாட்கள் வருவதற்கு முன்னால் விழுந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. சரிதான் போ என்று மேல் மண்ணையும் வெட்டி எடுத்து, திறந்த பள்ளமாக ரோடு போட்டார்கள். அதுதான் எங்கள் ஆர்ச்வே ரோடு. பிறகு 1884-ல் கயிறு கட்டி இழுக்கும் கேபிள் டிராம் வந்தது. ஐரோப்பாவிலேயே அதுதான் முதல்.

பெயர்க் காரணம் சுவாரஸ்யம். லண்டன் பிஷப்புக்கு இங்கே பெரிய வேட்டைக்காடு. 14-ம் நூற்றாண்டில் வடக்கே போகும் ரோட்டைத் தன் காட்டு வழியாக விட்டார். சும்மா விடவில்லை. உச்சியில் ஒரு கேட் போட்டு சுங்கம் வசூலித்தார். உயரத்தில் கேட், ஹைகேட். டோல்கேட்டுக்கு நம்ம நேஷனல் ஹைவேஸ்தான் அத்தாரிட்டி என்று நினைத்திருந்தால், பிஷப் சீனியர்.

கேட் என்றால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் தாகம் எடுக்கும். அதனால் உச்சியில் வரிசையாக மதுக்கடைகள். 19-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இந்தச் சின்ன இடத்தில் 19 கடைகள் இருந்தனவாம். அங்கே நடந்த ஒரு கூத்துதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

புதிதாக வரும் பிரயாணி சத்தியம் செய்ய வேண்டும். கடைக்காரர் கறுப்பு அங்கி, விக் எல்லாம் மாட்டிக்கொண்டு நீதிபதி மாதிரி வருவார். ஒருவர் நீளக் கழியில் மான் கொம்போ ஆட்டுக் கொம்போ செருகிக்கொண்டு நிற்பார். பிரயாணி அந்தக் கொம்பின் மேல் சத்தியம் பண்ண வேண்டும். என்னவென்று? வெள்ளை ரொட்டி கிடைக்கும்போது பழுப்பு ரொட்டி சாப்பிட மாட்டேன். ஸ்ட்ராங் பீர் இருக்கும்போது லைட் பீர் தொடமாட்டேன். எஜமானியை முத்தமிட வாய்ப்பிருக்கும்போது வேலைக்காரியை முத்தமிட மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு: 'எனக்கு அதுதான் பிடித்திருந்தால் ஒழிய'!

கடைக்காரரை அன்றிலிருந்து 'அப்பா' என்று கூப்பிட வேண்டும். அப்பாவுக்கும் அங்கிருப்பவர்களுக்கும் ஒயின் வாங்கித் தர வேண்டும். பதிலுக்கு ஹைகேட் பிரஜை என்கிற பட்டம். அதற்கு உரிமையும் உண்டு. களைத்துப் போய் வரும்போது பள்ளத்தில் மூன்று பன்றிகள் படுத்திருந்தால், நடுப் பன்றியை உதைத்து விரட்டிவிட்டு அந்த இடத்தில் படுத்துக்கொள்ளலாம். கவிஞர் பைரன்கூட இந்தச் சத்தியத்தைத் தன் காவியத்தில் குறிப்பிட்டிருக்கிறார். இன்றைக்கும் அவ்வப்போது விளையாட்டாக நடத்துகிறார்கள்.

சத்தியம் என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குக் காது நிமிர்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

* * *

மேலே பாண்ட் ஸ்கொயர் என்று ஓர் இடம். பாண்ட் என்றால் குளம். போய்ப் பார்த்தால் மரம் இருக்கிறது, பெஞ்ச் இருக்கிறது, குளத்தைக் காணோம். 1864-ல் தூர்த்துவிட்டார்கள், பேரை மட்டும் விட்டுவைத்தார்கள். (நம்ம ஊரில் ஏரி இல்லாத ஏரிக்கரைத் தெருவில் குடியிருக்கும் வாசகர்கள் பெருமூச்சு விடலாம்.)

குளம் போனாலும் இங்கே ஒரு பேய் உண்டு. கோழிப் பேய். தத்துவஞானி ஃபிரான்சிஸ் பேக்கன் ஒரு நாள் பனியில் கோச் வண்டியில் வந்தாராம். 'உப்புக்குப் பதில் பனியை அடைத்தால் மாமிசம் கெடாமல் இருக்குமா?' என்று சந்தேகம். மலையடிவாரத்தில் ஒரு கோழியை வாங்கி, சுத்தம் செய்யச் சொல்லி, தன் கையாலேயே உள்ளே பனியை அடைத்தார். ஜலதோஷம் பிடித்து, ஹைகேட்டில் ஒரு நண்பர் வீட்டில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. 1626 ஏப்ரல் 9. இங்கே இறந்தது சரித்திரம். கோழி விவகாரம் பின்னால் ஒருவர் எழுதி வைத்த கதை. உலகத்தின் முதல் ஃப்ரோஸன் சிக்கன் பாதி இறகுடன் பாண்ட் ஸ்கொயரைச் சுற்றி ஓடுவதாக ஊரில் சொல்வார்கள்.

பேயை விடுங்கள். எனக்கு ஆச்சரியம், இந்த ஊரின் சங்கங்கள்தான்.

1565-ல் சர் ராஜர் சோம்லி என்கிற முன்னாள் தலைமை நீதிபதி 40 பையன்களுக்கு இலவசப் பள்ளி ஆரம்பித்தார். அது இன்றும் நடக்கிறது. (இலவசம் மட்டும் போய்விட்டது. இன்றைய ஃபீஸைக் கேட்டால் அந்த 40 பையன்களின் அப்பாக்களும் சேர்ந்து மயங்கி விழுவார்கள்.) டி.எஸ். எலியட் கொஞ்ச நாள் இங்கே வாத்தியார்.

1839-ல் ஊர்க்காரர்கள் கூடி இலக்கிய - விஞ்ஞானக் கழகம் ஒன்று ஆரம்பித்தார்கள். சந்தா கட்டினால் லைப்ரரி, பேப்பர் படிக்க அறை, மாலையில் சொற்பொழிவு. அந்தக் காலத்தில் இங்கிலாந்து முழுக்க இப்படி நூற்றுக்கணக்கில் இருந்தன. 1850-ல் பொது நூலகச் சட்டம் வந்ததும், ஓசியில் புஸ்தகம் கிடைக்கும்போது எவன் சந்தா கட்டுவான் என்று ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள். இது மட்டும் அசையவில்லை. பாண்ட் ஸ்கொயருக்கு எதிரே அதே கட்டடத்தில் இன்றும் இருக்கிறது. சந்தா, சொற்பொழிவு, பிஸ்கட் எல்லாம் உண்டு.

1889-ல் முன்னாள் லண்டன் மேயர் சர் சிட்னி வாட்டர்லோ, தோட்டம் இல்லாத ஏழைகளுக்கு என்று தன் தோட்டத்தையே எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் என் பெண் ஊஞ்சல் ஆடுவது அவர் புண்ணியத்தில். 1966-ல் பெரிய லாரிகளை கிராமத்துத் தெரு வழியாகத் திருப்பிவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஹைகேட் சொசைட்டி என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஏதாவது ஆபத்து வந்தால் நாம் கோஷம் போடுவோம். இவர்கள் மினிட்ஸ் எழுதுகிறார்கள். எது பலமான ஆயுதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மினிட்ஸ் நோட்டு ஐம்பது வருஷம் கழித்தும் அலமாரியில் இருக்கிறது.

ஊரின் பிரபலமான ஸ்தாபனம் இடுகாடு. லண்டன் சர்ச்சுகளில் புதைக்க இடமில்லாமல் போனதால் 1839-ல் ஒரு கம்பெனி திறந்தது. விஞ்ஞானி ஃபாரடே இங்கேதான் இருக்கிறார். கார்ல் மார்க்ஸ் 1883-ல் வந்தார். நடுவில் கம்பெனி நொடித்து, 1975-ல் மேற்குப் பகுதியின் கேட்டைப் பூட்டிவிட்டது. மரம் முளைத்துக் கல்லறைகளைப் பிளக்க ஆரம்பித்தது. வழக்கம்போல் ஊர்க்காரர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்து, கத்தரியும் கோடரியுமாக இறங்கி மீட்டார்கள். பராமரிப்புக்குப் பணம் வேண்டுமே, அதனால் இப்போது நுழைவுக் கட்டணம். மார்க்ஸைப் பார்க்கக் கொஞ்சம் மூலதனம் தேவைப்படுகிறது.

அவருக்கு எதிரிலேயே ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்கிற தத்துவஞானி. கொள்கையில் இரண்டு பேரும் கிழக்கு மேற்கு. 'மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர்' என்று இங்கே ஜோக் அடிப்பார்கள். நானும் ஒருமுறை சிரித்துவிட்டு நகர்ந்தேன். பிறகுதான் அந்த ஸ்பென்சரிலிருந்து ஒரு நூல் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தேன்.

* * *

ஸ்பென்சர் 1903-ல் இறந்தபோது, அந்திமச் சடங்கில் ஓர் இந்தியர் எழுந்து, அவர் பெயரில் ஆக்ஸ்ஃபோர்டில் சொற்பொழிவு நடத்த ஆயிரம் பவுண்ட் தருவதாக அறிவித்தார். அவர் ஷ்யாம்ஜி கிருஷ்ணவர்மா. ஹைகேட்வாசி. இரண்டு வருஷம் கழித்து, 1905 ஜூலையில், இங்கே க்ராம்வெல் அவென்யூ 65-ம் நம்பர் வீட்டில் இந்திய மாணவர்களுக்காக 'இந்தியா ஹவுஸ்' திறந்தார். சுமார் 25 பேர் தங்கலாம். சாவர்க்கர் இருந்தார். 1906-ல் காந்தி வந்து தங்கினார். 1909 ஜூலையில் கர்சன் வைலியைச் சுட்ட மதன்லால் திங்ரா இங்கே வந்து போனவர். அதோடு போலீஸ் கெடுபிடி அதிகமாகி ஹவுஸ் கலைந்தது.

இந்தக் கூட்டத்தின் முக்கியப் புள்ளிகளில் ஒருவர் வ.வே.சு. ஐயர்.

முதல் 'வ' வரகனேரி. திருச்சியில் என் அத்தை வீடு இருக்கும் வரகனேரி! லீவு நாட்களில் நான் சைக்கிள் ஓட்டப் பழகிய தெருக்களிலிருந்து புறப்பட்டவர், நான் வாரம் இரண்டு முறை அரிசிப் பையுடன் கடக்கும் தெருவுக்கு நூறு வருஷம் முன்பே வந்திருக்கிறார். அன்று அந்த வீட்டு எதிரே ரொம்ப நேரம் நின்றேன். சிவப்புச் செங்கல், மாடி வீடு. சுவரில் நீல வட்டப் பலகை. அதில் சாவர்க்கர் பெயர் மட்டும் இருக்கிறது.

ஐயர் இங்கே வந்தது பாரிஸ்டர் ஆக. லிங்கன்ஸ் இன்னில் படித்து, பரீட்சையெல்லாம் முடித்தார். கடைசியில் ஒரே ஒரு சடங்கு பாக்கி: பிரிட்டிஷ் அரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியப் பிரமாணம். மாட்டேன் என்றார். பட்டம் போயிற்று. எத்தனை வருஷ உழைப்பு, எவ்வளவு செலவு! 1910-ல் மாறுவேஷத்தில் தப்பிப் புதுச்சேரி போனார். வழியில் பெட்டியில் இருந்த 'வி.வி.எஸ்.' என்ற எழுத்துகளைப் பார்த்து ஒருத்தன் சந்தேகப்பட, 'வீர விக்ரம் சிங்' என்று அசராமல் சொன்னதாகக் கதை உண்டு. பிறகு அவர் எழுதிய 'குளத்தங்கரை அரசமரம்' தமிழின் முதல் சிறுகதைகளில் ஒன்று. குளமில்லாத பாண்ட் ஸ்கொயருக்கு நடக்கும் தூரத்தில் இருந்தவர் அதை எழுதினார் என்பதில் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம்.

இப்போது காரணம். என் மேஜை டிராயரில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. பிரிட்டிஷ் குடியுரிமை. வருஷக் கணக்கு சரியாகிவிட்டது, பரீட்சை பாஸ். பாக்கி ஒன்றுதான்: ஒரு ஹாலில் நின்று, மன்னர் சார்லஸுக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம். நம் சட்டப்படி இரண்டு குடியுரிமை கிடையாது. அவர்கள் பாஸ்போர்ட் வந்தால் நம்முடையதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அசோகச் சின்னம் போட்ட அந்த நீலப் புத்தகம். அப்பா முதல் தடவை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைத்தது.

ஐயர் கதையை வீட்டில் சொன்னேன். மனைவி பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரிங்க. ஐயர் காலத்துல அவங்க நம்மள ஆண்டாங்க. மாட்டேன்னார். நீங்க அவங்களுக்கு ஏழு வருஷமா வரி கட்டறீங்க. ரெண்டும் ஒண்ணா? பாப்பா ஸ்கூல்ல என்ன பாட்டு பாடறான்னு கேட்டீங்களா?"

பதில் சொல்லத் தெரியாமல் கோயிலுக்குக் கிளம்பினேன்.

* * *

மலை என்று ஒன்று இருந்துவிட்டால் முருகன் விடுவாரா? எங்கள் ஆர்ச்வே ரோட்டிலேயே ஹைகேட்ஹில் முருகன் கோயில். முன்னால் யூதர்களின் வழிபாட்டு இடமாக இருந்த கட்டடம். 1986-லிருந்து முருகன் கோயில். வருகிறவர்களில் பெரும்பாலும் ஈழத்தமிழர்கள். வெள்ளிக்கிழமைகளில் செருப்பு வைக்கும் இடத்தில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் பழக்கம். முதல் நாளே, "தம்பி எவடம்?" என்று கேட்டு, திருச்சி என்றதும், "ஓ, மலைக்கோட்டை!" என்று என் மனசைப் பிடித்தவர்.

அவரிடம் விண்ணப்ப விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கட காலத்தில விழா ஒண்டும் இல்லைத் தம்பி. ஒரு வக்கீலிட்டப் போய் சத்தியம் பண்ணி, கையெழுத்து வைச்சனான். அவ்வளவுதான்."

"கஷ்டமா இல்லையாய்யா?"

அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. வெளியே பஸ் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது.

"திரும்பிப் போறதுக்கு வீடு எண்டு ஒண்டு இருந்திருந்தா நானும் யோசிச்சிருப்பன். 83-ல அது எரிஞ்சு போச்சு. உங்களுக்கு யோசிக்க ஒரு வீடு இருக்கு. அது பெரிய பாக்கியம் தம்பி. வடிவா யோசியுங்கோ."

பிறகு அவரே சிரித்தார். "2002-ல மகாராணி இந்தக் கோயிலுக்கு வந்தவ, தெரியுமோ? இந்த நாட்டு ராஜ வம்சத்தில பதவியில இருந்தவை ஆரும் அதுக்கு முதல் இங்கத்தை ஒரு இந்துக் கோயிலுக்கு வந்ததில்லை. நான் ஆரிட்டச் சத்தியம் பண்ணினனோ, அந்த மனுசி முருகன்ர வாசல்ல வந்து நிண்டவ. அண்டைக்குக் கணக்குச் சரியாப் போச்சு எண்டு நினைச்சன்."

அன்று பூஜை முடிந்ததும் அவர் என்னைப் போக விடவில்லை. நாற்காலி அடுக்க ஆள் வேண்டுமாம். "கோயில் எண்டா சும்மாவோ? கரண்ட் பில் இருக்கு, கூரை ஒழுகுது, கமிட்டி இருக்கு. பிடியுங்கோ அந்தப் பக்கம்." பிடித்தேன். இப்போது ஒவ்வொரு வெள்ளியும் பிடிக்கிறேன்.

நாற்காலி அடுக்கும்போதுதான் இந்த ஊரின் சூட்சுமம் பிடிபட்டது. பிஷப்பின் கேட் போய்விட்டது. குளம் போய்விட்டது. டிராம் போய்விட்டது. நாலு பக்கமும் லண்டன் வந்து விழுங்கிவிட்டது. மிச்சமிருக்கும் கிராமம், யாரோ சில பேர் ஆபீஸ் முடிந்து வந்து, சந்தா கட்டி, கூட்டத்தில் கொட்டாவி விட்டு, நாற்காலி அடுக்கியதால் மிஞ்சியது. 1839-ல் லைப்ரரிக்கு அடுக்கியவரும் சரி, இன்று முருகனுக்கு அடுக்குகிறவரும் சரி, ஒரே உத்தியோகம். அவர்களிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: 'அடுத்த வாரம் வருவீங்களா?'

கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா என்பதை இது தீர்த்துவிடவில்லை. ஐயர் மறுத்தது சரி. பெரியவர் செய்ததும் சரி. இரண்டையும் ஒரே தெருவில் வைத்துப் பார்த்தபின் எனக்கு அவசரம் மட்டும் குறைந்திருக்கிறது.

ஆனால் ஒரு காரியம் செய்தேன். மேலே உள்ளூர்ச் சங்கம் ஒன்றுக்குக் கடிதம் எழுதினேன். 65-ம் நம்பர் வீட்டில் வரகனேரிக்காரர் ஒருத்தரும் இருந்தார், அவரைப் பற்றி யாராவது பேசுவீர்களா என்று. மூன்றாம் நாள் பதில் வந்தது: மிகவும் நல்ல யோசனை, நீங்களே வந்து பேசுங்கள், இருபது நிமிஷம், முடிந்ததும் டீ உண்டு.

ராத்திரி உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஐயர் பத்தியா?"

"ஆமா."

"பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. முதல் வரிசையில உக்காரட்டும்" என்றவள், டிராயரைத் திறந்து, பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, மூடினாள்.